திரும்பக் கேட்கும் எண்ணமின்றி

"நம்பரைச் சொல்லுண்ணா, நேரம் ஓடுது..."

"சொல்றேன், சொல்றேன். முதல்ல நீ சொல்லு, இது யாருக்குப் போகுது?"

"ஸ்கூலுக்கு! நூறு தடவை சொல்லிட்டேன். பேங்க்ல இருந்து ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு..."

"வந்திருக்கு, எனக்கும் கண்ணு இருக்கு. அதுக்குக் கீழ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கானே?"

"அது ஊரான்கிட்ட சொல்லாதேன்னு. நான் உன் தங்கச்சி."

"தங்கச்சிங்கறதாலதான் கேக்கறேன். முன்னப் பின்ன தெரியாத ஊர்ல, முகம் தெரியாத ஸ்கூலுக்கு..."

"போச்சு."

"என்ன போச்சு?"

"நேரம் போச்சு. இதோட மூணாவது தடவை. பேங்க் ஆப் இனிமே நாளைக்குத்தான் திறக்குமாம்."

தண்ணீர் மோட்டார் கடையின் கல்லாவுக்கு இந்தப் பக்கம் பாப்பா தன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அண்ணன் தன் போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார், பறிக்க வந்தவளிடமிருந்து கைக்குழந்தையைக் காப்பது போல. காதோரம் நாலைந்து நரை எட்டிப்பார்க்கும் வயதிலும் அவள் அந்த வீட்டுக்குப் பாப்பாதான். கடைக்கு வருகிற பிளம்பர்கூட, "பாப்பா வந்திருக்கு போல" என்றுதான் சொல்வான்.

"நீயே வேணும்னு இழுத்தடிக்கிற."

"ஆமா, எனக்கு வேற வேலையில்லை. எதிர்ல நிக்கிற ஆளு பம்புக்கு வாஷர் கேட்டு எவ்வளவு நேரமாச்சு? அவரைக் கேளு."

வாஷர் கேட்ட ஆள் சங்கடமாகச் சிரித்தார். "பரவால்லீங்க, குடும்ப விஷயம், முடிச்சுட்டே குடுங்க," என்றார். போக மனமில்லாமல் ஒரு குழாய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். பாப்பா ஒரு பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, வயதுக்கும் முகத்துக்கும் தகுந்த நிறத்தில் பல் பொறுக்கிப் பதித்து, வேகவைத்து, தேய்த்து, மினுக்கிக் கொடுப்பாள். பாதி ஊர் அவள் பல்லால்தான் சிரிக்கிறது என்று அண்ணனே ஒரு காலத்தில் பெருமையடித்ததுண்டு. அப்படித்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக்கும் வந்தார். வெளிநாட்டில் வேலை, மனைவி இறந்து ஐந்தாறு வருடம், லீவில் வந்தவர். அம்மாவின் செட் உடைந்துபோனதென்று காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு நின்றார். ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டியது சரியில்லை என்று மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது செட்டைக் கொண்டுவரவே மறந்துவிட்டார். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. கல்யாணம் அங்கே போய்ப் பதிவு செய்துகொள்வது, விசா அதற்கென்றே கிடைத்திருக்கிறது.

ஆனால் பாப்பாவின் தொழில் அங்கே செல்லாது. அந்த நாட்டுப் பள்ளியில் ஒரு வருடம் படித்துப் பரீட்சை எழுதினால்தான் ஒரு பல்லைத் தொட விடுவார்கள். இடம் கிடைத்துவிட்டது. இந்த மாத முடிவுக்குள் கட்டணம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு இடம் போய்விடும். அதற்குத் தேவையான பணம் அவளிடம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்தது. இருக்கிற இடம்தான் கோளாறு.

கணக்கு திறந்த காலத்தில் வங்கி நேரமும் கூடத்து நேரமும் ஒத்துவரவில்லை. "நீ எங்க அலைவே? நான்தான் தினமும் பேங்குக்குப் போறேனே, என் பேரையும் சேர்த்துடறேன்," என்றார் அண்ணன். சேர்த்தபோது அவர் பெயரை முதலில் எழுதினார்கள், அவள் பெயரை இரண்டாவதாக. போன் நம்பரும் அவருடையதே. அப்போது அவளிடம் போனே கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலைத் தந்தது. கெட்ட எண்ணம் என்றால் கத்தித் தீர்க்கலாம்.

"பாப்பா, இங்க பாரு." அண்ணன் குரலை இறக்கினார். "உன் பணத்துல எனக்கு ஒரு பைசா ஆசை கிடையாது. நாளைக்கே அங்க ஒத்து வரலைன்னு வச்சுக்கோ. திரும்பி வர டிக்கெட்டுக்கு யார்கிட்ட போய்க் கையேந்துவே? கொஞ்சம் இங்க கிடக்கட்டும்னுதான் சொல்றேன்."

"ஒத்து வரலைன்னா என் கையில தொழில் இருக்கணும்ணா. அதுக்குத்தான் படிக்கப் போறேன். போய் அந்த மனுஷன் வாங்கிப் போடறதைத் தின்னுட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கவா போறேன்?"

"கல்யாணம் பண்ணிட்டுப் போறவ யாரு படிக்கப் போறா?"

"நான் போறேன்."

பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஏங்க, அவ கேக்கறதைக் குடுத்துத் தொலைங்களேன். இல்லைன்னா நாளைக்கு நாமதான் அமுக்கிட்டோம்னு ஊரெல்லாம் பேசும்."

"பாத்தியா, உங்க அண்ணியே சொல்றா."

"அண்ணி என் பக்கம் பேசினாங்களா, உன் பக்கம் பேசினாங்களான்னே எனக்கு விளங்கலை," என்றாள் பாப்பா.

"நான் கடைப் பக்கம் பேசினேன்," என்றாள் அண்ணி. "அந்த மனுஷனுக்கு முதல்ல வாஷரைக் குடுங்க."

*

மறுநாள் அண்ணனை வங்கிக்கே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் அரை நாள் லீவு சொன்னதற்கு முதலாளி முகத்தைச் சுளித்தார். முன்பல் இரண்டு அவசரமாகக் கேட்டு ஒரு டாக்டர் காத்திருக்கிறாராம்.

வெளிநாட்டுப் பிரிவில் இருந்த அதிகாரி அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொரு கதவாக மூடும்போதும் மரியாதை குறையவில்லை.

"படிப்புக்குன்னா படிக்கிறவர் முதல் பேர்ல இருக்கணும் மேடம். இல்லைன்னா முதல் பேர்க்காரரோட மனைவி, பிள்ளைங்க. தங்கச்சி அந்த வரிசையில இல்லை."

"பணமே என்னுதும்மா."

"இருக்கலாம் மேடம். எங்களுக்கு முதல் பேர்தான்."

"அப்ப என் பேரை முதல்ல போடுங்க."

"போடலாம். ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வரும். மாசக்கணக்காகும்."

"புதுசா ஒரு கணக்கு, என் பேர்ல மட்டும்?"

"தாராளமா. ஆனா புதுக் கணக்குல இருந்து அரை வருஷத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப விடாது."

"கையில எடுத்துட்டுப் போறேன்."

"அதுக்கு ஒரு அளவு இருக்கு மேடம். உங்க தொகை தாண்டிடும்."

"அங்க என் பேர்ல கணக்கு திறக்கலாம்னா, அந்த ஊர்ல தங்கறதுக்கான அட்டை வேணுங்கறான். அட்டை கல்யாணம் பதிஞ்சப்புறம்தான் வருமாம். பதியறதுக்குள்ள ஸ்கூல் நாள் முடிஞ்சுடும். நான் என்னதாம்மா பண்றது?"

அதிகாரி அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. "அன்பளிப்புன்னு அனுப்பினா இன்னிக்கே போயிடும்," என்றார். "முதல் பேர்க்காரர் யாருக்கு வேணும்னாலும் அன்பளிப்பு குடுக்கலாம். மாப்பிள்ளை பேருக்குப் போகட்டும், அவர் அங்க ஸ்கூல்ல கட்டிடட்டும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அண்ணன் இதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "அன்பளிப்பா? நான் குடுக்கறதாவா?"

"ஆமா சார். நீங்க உங்க மச்சானுக்குக் குடுக்கறீங்க."

தாள் வந்தது. அதிகாரி அம்மாள் விதிப்படி வாசித்துக் காட்டினார். இன்னார் ஆகிய நான், என் சொந்தப் பணத்திலிருந்து, மனமுவந்து, திரும்பக் கேட்கும் எண்ணமின்றி...

"சொந்தப் பணமா?" என்றாள் பாப்பா.

"அது அச்சடிச்ச வாசகம் மேடம். எல்லாருக்கும் அதேதான்."

"இதுல ஒரு ஓரமா, தங்கச்சி சம்பாத்தியம்னு..."

"அப்படி எழுதினா அன்பளிப்பு ஆகாது மேடம். திருப்பி அனுப்பிடுவாங்க."

பாப்பா வாயில் வந்ததை மென்று விழுங்கினாள். மாதம் முடியப் போகிறது. எந்தப் பெயரில் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி. தலையை ஆட்டினாள். அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துத் தனக்குத்தானே இன்னொரு தடவை வாசித்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைப் பின்னால் மாட்டி, கடைப் பில்லில் ஒரு நாளும் போடாத நீளத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் அந்த ஆறு எண்கள் வந்தன. இந்த முறை கேட்காமலே, சத்தமாக, அதிகாரி அம்மாளுக்கே ஒப்பித்தார்.

வெளியே வந்ததும், "சந்தோஷமா?" என்றார்.

"ம்."

"இவ்வளவு பெரிய தொகை குடுத்தவனைப் பார்த்து, வெறும் 'ம்'மாம்."

"யாரு குடுத்தது?"

"சரி, சரி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

*

ஒரு பேச்சுக்குச் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் காலூன்றிவிட்டது. சாயங்காலமே சித்தி போன் செய்தாள். "உங்க அண்ணனை மாதிரி யாருடி இருக்கா? பெத்த அப்பன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்."

"சித்தி, அது என் சம்பளப் பணம்."

"உன்னுதும் இருக்கும், அவன் போட்டதும் இருக்கும். குடும்பத்துல அதெல்லாமா பிரிச்சுப் பாப்பாங்க? கல்யாணப் பொண்ணு இப்படிப் பேசப்படாது."

பாப்பா போனை வைத்துவிட்டு அண்ணியிடம் போனாள். "யாரு அண்ணி சித்திக்குச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான். பேப்பரையே படம் பிடிச்சு அனுப்பிட்டாரு. எங்க அம்மாவுக்கும் போயிருக்கு." அண்ணி துணி மடித்துக்கொண்டே இருந்தாள். "எங்க அம்மா என்னைப் பிடிச்சு ஏசறா. உன் பிள்ளைங்க படிப்புக்கு வைக்காம தங்கச்சிக்கு வாரிக் குடுக்கறானே, நீ பாத்துட்டு நிக்கிறியாங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா என் புருஷன் பொய் சொன்னதா ஆகும். வாயை மூடிட்டு இருந்தேன். நான் பாட்டுக்கு நல்ல அண்ணின்னு பேர் வாங்கிட்டேன், போ."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுகை முட்டியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மடித்த துணிகளில் தன்னுடையதைத் தனியாகப் பிரித்து எடுத்தாள்.

பணம் போன சேதி வந்ததிலிருந்து மெக்கானிக்கிடம் தினமும் கேட்டாள். கட்டியாச்சா? அங்கே வங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். யார் அனுப்பினது, எதற்கு என்று கேட்கிறார்களாம். பிறகு, பணத்தை விட்டுவிட்டார்கள் என்றார். பிறகு இரண்டு நாள் அவரே கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கூடத்தில் அவள் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த நேரம், போன் அடித்தது. ஈரக் கையின் மணிக்கட்டால் பொத்தானைத் தட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசை நிறைய யார் யாருடையவோ தாடைகள் வாய் திறந்தபடி இருந்தன.

"டாக்டரம்மா, வேலையா?" அவர் அவளைக் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார்.

"கட்டிட்டீங்களா?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரு வீடு வந்திருக்கு. நான் லிஃப்ட் பாக்கற கட்டடத்துலயே, ஆறாவது மாடி. வெளிச்சம்னா அப்படி ஒரு வெளிச்சம். சமையலறையே இப்ப நான் இருக்கற ரூம் அளவுக்கு இருக்கு. இந்த வாரம் முன்பணம் கட்டினா நமக்கு."

"ஸ்கூலுக்குக் கட்டிட்டீங்களான்னு கேட்டேன்."

"ஸ்கூல் எங்க போயிடும்? அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும். வீடு அப்படியா?"

"அடுத்த வருஷம் எனக்கு இடம் இருக்காதுங்க. இந்த வருஷம் கிடைச்சதே தலையால தண்ணி குடிச்சுக் கிடைச்சது."

"வந்த உடனே புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடணுமா? கொஞ்சம் இருந்து, ஊரைப் பாத்து, என் முகத்தையும் கொஞ்சம் பாத்து..."

"உங்க முகத்தைச் சாயங்காலம் வந்து பாக்கறேன். பணத்தைக் கட்டுங்க."

"அவசரப்படாதீங்கம்மா. பேங்க்ல என்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காங்க. இது எனக்கே வந்த அன்பளிப்பு, வேற யாருக்காகவும் வாங்கலைன்னு."

"நல்லதாப் போச்சு. உங்க பணம்னே எழுதிக் குடுத்தாச்சில்ல? உங்க பணத்தை நீங்க யாருக்கு வேணும்னாலும் கட்டலாமே. கட்டிக்கப் போறவளுக்குக் கட்டக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்டது. மெக்கானிக் நல்ல மனிதர்தான். பொய் சொல்லும்போது கனைப்பார். உண்மையைச் சொல்லச் சங்கடப்பட்டாலும் கனைப்பார்.

"இல்லம்மா... மச்சான்கிட்ட வேற பேசிட்டேன்."

"எந்த மச்சான்?"

"உங்க அண்ணன்தான். வீட்டு விஷயம் சொல்லி, இப்படி ஒரு யோசனை, நீங்க என்ன சொல்றீங்கன்னேன். மனுஷன் தங்கம்மா. ஒரு நிமிஷம் யோசிக்கலை. வீடுன்னா தாராளமாப் போடுங்க மாப்ளே, அதுக்குத்தானே குடுத்தேன்னுட்டார்."

கரண்டி கிண்ணத்தில் நின்றுபோனது. "அவரை எதுக்குக் கேட்டீங்க?"

"அவர் குடுத்தது இல்லையா? ஒரு வார்த்தை கேக்கறதுதானே முறை."

"அவர் குடுத்ததுன்னு எழுதினது. எழுதினதுங்க. உங்களுக்குத் தெரியும். நான் உங்களுக்குச் சொல்லியிருக்கேன். இந்த மேசையில இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னேன்."

"தெரியும்மா, தெரியாமலா? ஆனா அவருக்கு ஒரு மரியாதை இருக்கே. நாளைக்கு அவர் மனசு கோணக்கூடாதில்ல?"

"என் மனசு கோணலாமா?"

"நீங்க எதுக்கு எல்லாத்தையும் அப்படி எடுத்துக்கறீங்க? இருங்க, மச்சானையும் இதுலயே சேர்க்கறேன். மூணு பேரும் பேசிடுவோம்."

வேண்டாம் என்பதற்குள் மணி அடித்து, எடுத்தும் ஆயிற்று. கடையின் இரைச்சல் முதலில் வந்தது, பின்னாலேயே அண்ணன் குரல்.

"மாப்ளே! சொல்லுங்க மாப்ளே! வீடு முடிஞ்சுதா?"

"உங்க ஆசீர்வாதம் மச்சான். இவங்கதான் கொஞ்சம் வருத்தப்படறாங்க."

"யாரு, பாப்பாவா? அவ அப்படித்தான். சின்னதுல இருந்தே பிடிச்சா பிடிச்சதுதான். நீங்க கண்டுக்காதீங்க."

"அண்ணா, நானும் லைன்ல இருக்கேன்."

"இருக்கியா? நல்லதாப் போச்சு. பாப்பா, ஆறாவது மாடியாம். வெளிச்சமாம். கொடுத்து வச்சவ நீ."

"எனக்கு ஸ்கூலுக்குக் கட்டணும்ணா. அதுக்குத்தான் பேங்குக்குப் போனோம். நீதான் கூட வந்தே."

"வந்தேன். யாரு இல்லைன்னா? ஆனா டிக்கெட்டுக்குக்கூட இங்க ஒண்ணும் வைக்காம அனுப்பறோமே, அந்தக் காசு ஒரு வீட்டுச் சுவராவாவது நிக்கட்டும்னு மாப்ளே சொன்னதும் எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. படிப்பு கரைஞ்சு போற காசு."

"கரெக்டாச் சொன்னீங்க மச்சான்," என்றார் மெக்கானிக். "வீடு ரெண்டு பேர் பேர்லயும்தான் போடப் போறேன். என் பேரு முதல்ல, இவங்க பேரு ரெண்டாவது."

"அதான் முறை. எங்க வீட்லயும் அப்படித்தான்."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை மச்சான்."

"அட, என்ன மாப்ளே நமக்குள்ள? தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

"இருந்தாலும், இந்தக் காலத்துல யாரு இவ்வளவு..."

"விடுங்க, விடுங்க. நீங்க அவளை நல்லா வச்சுக்கிட்டா அதுவே போதும் எனக்கு."

கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகிவிட்டது. ஊற்றியிருக்க வேண்டிய அச்சு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இனி அந்தக் கிண்ணத்தைத் தட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும், முதலாளி சாப்பிட்டு வந்து கேட்பார். பாப்பா கரண்டியைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தாள். போனில் இரண்டு பேரும் இன்னும் ஒருவருக்கொருவர் வேண்டாம் வேண்டாம் என்று உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்க ரெண்டு பேரும். நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். ஸ்கூலுக்கு நாளைக்குக் கடைசி நாள். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு, பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க, அது யாரு சம்பாதிச்ச பணம்?"